எழுத்துச்சரத்தைப் பகுக்கும் நெறி

எழுதினோன் கருதிய பொருளைப் படிப்போன் பிழையின்றி உணர்தற்கு எழுத்துக்கள் மட்டும் போதா. அவற்றிடையே எல்லையும் வேண்டும். இவ்வுண்மை இன்று நேற்றுத் தோன்றியதன்று. நம் முன்னோர் பனையோலையில் நூல்களை எழுதிய காலத்துச் சொல்லுக்குச் சொல் இடம் விடாது தொடர்ந்தெழுதினர். மெய்யெழுத்திற்குப் புள்ளியிடாது விடுதலும் பெருவழக்காயிருந்தது. அவ்வேடுகளை அச்சேற்றப் புகுந்த பதிப்பாசிரியர் சொற்களைப் பிரித்தற்கண் உற்ற இடர் சிறிதன்று. கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற பழைய திருமறைப் படிகளின் நிலையும் அதுவே. 4ஆம் நூற்றாண்டினதாகிய சினாய்ப் படியில் சொற்களுக்கிடையே வெளி இல்லை. இன்று நாம் எளிதின் எடுத்துக்காட்டும் வசன எண்களைப் புதிய ஏற்பாட்டிற்கு அமைத்து அச்சிட்டவர் இராபர்ட் எஸ்தியேன் என்பவர், ஆண்டு 1551. லூக்கா சுவிசேடத்தின் 23ஆம் அதிகாரம் 43ஆம் வசனத்தில் 'இன்று' என்னும் ஒரு சொல் முன்னதோடு இயையுமோ பின்னதோடு இயையுமோ என வாதித்தோர் உளர். ஒரு காற்புள்ளி நிற்கும் இடம் பற்றி இத்துணை வாதம் எழுமாயின், பிரிகுறியின் ஆற்றல் எத்தகைத்தென்பது சொல்லாமே விளங்கும்.

இவ்விடர் ஓலையோடும் தோலோடும் ஒழிந்ததன்று. இக்காலத்துக் கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் நாள்தோறும் எதிர்ப்படும் வினாவும் இதுவேயாம். அதனை மாணாக்கர்க்கும் பிறர்க்கும் ஒருங்கே விளங்குமாறு சுருக்கி உரைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கணிப்பொறியின் நினைவகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து வைக்கப்பெற்ற எழுத்துக்களின் வரிசையை எழுத்துச்சரம் என்பர். மலர்களைத் தொடுத்ததனை மலர்ச்சரம் என்னும் நமக்கு இப்பெயர் புதிதன்று. அச்சரத்தில் பல செய்திகளை ஒருங்கே வைக்க வேண்டுமாயின், ஒவ்வொன்றன் எல்லையையும் காட்ட ஒரு குறி இடப்படும். அதனைப் பிரிகுறி என்றும், அக்குறிகளுக்கிடையே நிற்பனவற்றைக் கூறுகள் என்றும் இங்கே வழங்குவோம். காற்புள்ளி, முக்காற்புள்ளி, இடைவெளி, டேப் என்னும் தாவற்குறி ஆகியன பெருவழக்கான பிரிகுறிகள். ஒரு சரத்தைக் கொண்டு கூறுகளின் பட்டியலைப் பெறுதலே பகுத்தல்.

எடுத்துக்காட்டாக, ஒரு கல்லூரியின் பழைய மாணவர் பதிவேட்டைக் கருதுவோம். வரிக்கு ஒருவராகப் பெயர், பட்டம், ஊர், ஆண்டு என்னும் நான்கு கூறுகள் காற்புள்ளியிட்டு எழுதப்பட்டுள்ளன என்க. அதிலே ஒரு வரி: தேவசகாயம், பி.ஏ., எல்.டி., நாகர்கோவில், 1938. இதனைப் படிக்கும் நமக்கு ஐயம் எழுவதில்லை, பி.ஏ., எல்.டி. என்பன இரண்டும் சேர்ந்து ஒருவர் பெற்ற பட்டங்கள் என்பதை அறிவோம். பொறியோ பட்டத்தையும் அறியாது, ஊரையும் அறியாது. காற்புள்ளியை மட்டுமே அறியும். கண்டவிடமெல்லாம் வெட்டுக என்று நாம் பணித்தால், அது நான்கிற்கு ஐந்து கூறுகளைத் தரும். மூன்றாவதனை ஊரென்று கொள்ளும் நிரல், அவர் ஊர் 'எல்.டி.' என்றும், ஆண்டு 'நாகர்கோவில்' என்றும் எழுதி வைக்கும். நன்கொடைக் கணக்கிலோ இன்னும் கொடிது. நம் நாட்டு வழக்கின்படி 1,00,000 என்று எழுதிய தொகையை வெட்டினால் 1 என்பதும், 00 என்பதும், 000 என்பதுமாக மூன்று துண்டுகள் வரும். முதல் துண்டைத் தொகையென்று கொண்டால் ஓர் இலட்ச ரூபாய் ஒரு ரூபாயாய் முடியும். ஆதலின் பகுத்தல் சிறு தொழில் போலத் தோன்றினும் அதன் பயன் சிறிதன்று.

இனி, பகுக்கும் முறைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்புநோக்குவோம்.

முதலாவது, பிரிகுறியைக் கண்டவிடத்தெல்லாம் வெட்டும் முறை. பெரும்பாலான நிரல்மொழிகளில் இதற்கு 'ஸ்பிளிட்' என்னும் பெயருடைய செயற்கூறு உளது. பெயர் ஒன்றாயினும் செய்கை ஒன்றன்று என்பதே ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. வெறுங்கூறு வந்தால் அதனைக் கொள்வதா, தள்ளுவதா என்பதில் மொழிகள் மாறுபடுகின்றன. பட்டம் பெறுமுன் கல்லூரியை விட்டவர் ஒருவர்க்கு, அருளப்பன், பின்னர் அடுத்தடுத்து இரண்டு காற்புள்ளி, பின்னர் மதுரை, 1941 என்று வரி அமைந்துள்ளது எனக் கொள்வோம். இரண்டு காற்புள்ளிகளுக்கு இடையே ஒன்றுமின்மையே ஒரு செய்தி. அவர்க்குப் பட்டம் இல்லை என்பதே அது. பைத்தான் மொழியில் காற்புள்ளியைக் குறித்துப் பகுத்தால் அவ்வெறுங்கூறு தன் இடத்திலேயே நிற்க, நான்கு கூறுகள் கிடைக்கும். சி மொழியின் 'ஸ்டர்டோக்' என்னும் செயற்கூறோ அடுத்தடுத்து நிற்கும் பிரிகுறிகளை ஒன்றாகவே எண்ணும், கூறுகள் மூன்றாகும். மதுரை என்பது பட்டத்தின் இடத்திற்கு வந்துவிடும். அன்றியும் அச்செயற்கூறு தான் பகுக்கும் சரத்தினுள்ளேயே முடிவுக்குறியை எழுதி மூலத்தைச் சிதைப்பது. முன்பு நிறுத்திய இடத்தைத் தன்னுள் மறைத்து வைத்துக்கொள்வதால், இரண்டு சரங்களை மாறிமாறிப் பகுக்கவும் இயலாது. இக்குறைகளை நீக்கவே வெறுங்கூற்றைக் காக்கும் 'ஸ்டர்செப்' என்பதும், நிறுத்திய இடத்தை அழைப்போனிடமே ஒப்புவிக்கும் 'ஸ்டர்டோக் ஆர்' என்பதும் பின்னர் எழுந்தன.

வரியின் ஈற்றில் வெறுங்கூறு வந்தால் நிலை வேறு. அருளப்பன், பி.ஏ. என்பவற்றின் பின் ஊரும் ஆண்டும் அறியப்படாமல் காற்புள்ளிகள் மட்டும் நின்றால், பைத்தான் நான்கு கூறு தரும். ஜாவாவும் பெர்ளும், வேறு பணித்தாலன்றி, ஈற்று வெறுங்கூறுகளைக் களைந்து இரண்டே தரும். வெற்றுச்சரத்தைப் பகுக்கும்பொழுதும் வேறுபாடு உண்டு. பைத்தானில் காற்புள்ளியைக் குறித்துப் பகுத்தால் வெறுங்கூறு ஒன்று உடைய பட்டியல் வரும். குறி எதுவும் சொல்லாது இடைவெளிகளால் பகுத்தால் ஒன்றுமில்லாப் பட்டியல் வரும். ஒன்றுமின்மைக்கும், ஒன்று உண்டு ஆயின் அது வெறிது என்பதற்கும் உள்ள வேற்றுமை தத்துவ நூலார்க்கே உரியதென்று நினைப்பார்க்கு இது நல்ல விடை.

எத்துணைக் கூறுகள் வேண்டுமென்று எண் கொடுத்துப் பகுப்பதும் உண்டு. அருளப்பன், பி.ஏ., மதுரை என்னும் சரத்தை 2 என்னும் எண் கொடுத்துப் பகுக்க. பைத்தான் அதனை இரண்டு வெட்டு என்று கொண்டு மூன்று கூறு தரும். ஜாவா இரண்டு கூறு என்று கொண்டு, எஞ்சிய அனைத்தையும் இரண்டாம் கூற்றிலே சேர்த்து வைக்கும். ஜாவாஸ்கிரிப்டோ முதலிரண்டு கூறுகளைக் கொடுத்து மதுரையை வாளா எறிந்துவிடும். ஒரே சரம், ஒரே எண், விளைவோ மூன்று. ஒரு மொழியில் பயின்றோர் மற்றொன்றிற்குச் செல்லும்பொழுது பெயரொற்றுமை கண்டு மயங்கலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இரண்டாவது, ஒழுங்குக்கோவையால் பகுக்கும் முறை. பிரிகுறி ஒரே எழுத்தாக இராது, 'காற்புள்ளியோ அரைப்புள்ளியோ வந்து, அதன்பின் எத்துணை இடைவெளியும் வரலாம்' என்றாற்போல ஒரு வடிவமாக இருக்குமிடத்து இது பயன்படும். இதன் கணிதத்தை 1956இல் வெளியான கட்டுரையில் ஸ்டீபன் கிளீனி என்பவர் வகுத்தார். எழுத்துச்சரங்களில் தேடுதற்குரிய வழியைக் கென் தாம்சன் என்பவர் 1968இல் வெளியிட்டார். ஆற்றல் மிக்க கருவியாயினும், இதில் சில குறிகளுக்குச் சிறப்புப் பொருள் உண்டு. முற்றுப்புள்ளி ஈண்டு முற்றுப்புள்ளியைக் குறியாது, எவ்வெழுத்தையும் குறிக்கும். ஜாவாவின் 'ஸ்பிளிட்' தனக்குத் தரப்படும் பிரிகுறியை ஒழுங்குக்கோவையாகவே கொள்வதால், பி.ஏ. என்பதைப் புள்ளியால் பகுக்க எண்ணிப் புள்ளியை மட்டும் கொடுத்தவர்க்கு ஒன்றும் கிடையாது. எல்லா எழுத்துக்களும் பிரிகுறியாகி, எஞ்சியன யாவும் வெறுங்கூறாகி, ஈற்று வெறுங்கூறு களையப்படும் விதியால் பட்டியலே ஒழிந்துபோகும். இம்முறைக்கு வேறோர் எல்லையும் உண்டு. அடைப்பினுள் அடைப்பாக எத்துணை ஆழத்திற்கும் செல்லும் அமைப்புக்களைக் கிளீனி வகுத்த இலக்கணத்துக்குட்பட்ட கோவையால் அளந்தறிதல் இயலாது. அவற்றிற்கு எண்ணிக் கொள்ளும் ஆற்றலுடைய வேறு பகுப்பான் வேண்டும்.

மூன்றாவது, எழுத்தெழுத்தாகப் படித்துச் செல்லும் முறை. கூற்றினுள்ளேயே காற்புள்ளி வருமாயின், அக்கூற்றை மேற்கோட்குறிகளுக்குள் அடைத்தெழுதுவது வழக்கு. தேவசகாயத்தின் பட்டங்களை ஒரு மேற்கோளுக்குள் வைத்துவிட்டால், உள்ளே நிற்கும் காற்புள்ளி பிரிகுறியாகாது. இதனைப் படிக்கும் நிரல், தான் மேற்கோளுக்குப் புறத்தே நிற்கிறதோ அகத்தே நிற்கிறதோ என்பதை ஒவ்வோர் எழுத்திலும் நினைவிற்கொண்டு செல்லுதல் வேண்டும். புறத்தே கண்ட காற்புள்ளி வெட்டுமிடம். அகத்தே கண்டது வெறும் எழுத்து. மேற்கோட்குறியே கூற்றினுள் வரின் அதனை இரட்டித்தெழுதுக என்பது விதி. காற்புள்ளியால் பிரித்த இத்தகைய கோப்புக்கள் நெடுங்காலம் வழங்கிவந்தும், அவற்றின் பொதுவிதிகள் 2005ஆம் ஆண்டில்தான் ஆர்.எப்.சி. 4180 என்னும் எண்ணுடைய ஆவணத்தில் தொகுத்துரைக்கப்பட்டன. அவ்விதிகளின்படி மேற்கோளுக்குள் வரிமுறிவும் வரலாம். எனவே, கோப்பினை முதற்கண் வரிவரியாக வெட்டிப் பின்னர்க் காற்புள்ளியில் வெட்டுவோம் என்று தொடங்குவோர் முதலடியிலேயே வழுக்குவர். இவ்வேலைக்கெனத் தேர்ந்தோர் எழுதிவைத்த நூலகங்கள் ஏறக்குறைய எல்லா மொழிகளிலும் உள. அவற்றைக் கொள்ளுதலே அறிவுடைமை.

நான்காவது, கூற்றினுள் வரவே மாட்டாத ஒன்றைப் பிரிகுறியாகத் தெரிந்துகொள்ளும் முறை. யூனிக்ஸ் அமைப்பின் பயனர் பட்டியலில் ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியால் 7 கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கூறுகளுக்குள் முக்காற்புள்ளிக்கு இடமில்லை என்பது ஆண்டு விதி. அவ்வமைப்பில் கோப்பின் பெயருக்குள் இடைவெளியும், வரிமுறிவுங்கூட வரலாம். சுழி எண்ணுடைய எழுத்தும் சாய்கோடும் மட்டுமே வாரா. ஆதலின் கோப்புப் பெயர்களின் பட்டியலைச் சுழியெழுத்தால் பிரிப்பதே பழுதற்றது. ஆஸ்கி என்னும் எழுத்துக்குறி முறையிலோ கோப்பு, தொகுதி, பதிவு, அலகு என்னும் நான்கினைப் பிரித்தற்கென்றே 28 முதல் 31 வரையுள்ள எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. விசைப்பலகையில் அவற்றிற்குத் தனி விசை இன்மையானும், திரையிலும் தாளிலும் கட்புலனாகாமையானும் பெருவழக்குப் பெற்றில. மாந்தர் கண்ணுக்கு எளிதாயிருத்தல், பொறிக்கு ஐயமின்றி இருத்தல் என்னும் இரண்டும் ஒன்றோடொன்று முரணுதலை இங்கே காண்கிறோம். காற்புள்ளி முன்னதில் வென்று பின்னதில் தோற்றது.

ஐந்தாவது, பிரிகுறியே வேண்டாத முறை. 1928இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட துளையட்டையில் 80 நிரைகள் இருந்தன. இன்ன நிரை முதல் இன்ன நிரை வரை பெயர், அதன்பின் ஊர் என்று இடத்தாலேயே கூறு வரையறுக்கப்பட்டது. நீண்ட பெயருடையார் பெயர் குறுகும். குறுகிய பெயருடையார்க்கு இடம் வீணாகும். நீளத்தை முன்னர்ச் சொல்லிப் பின்னர்ச் சரத்தை எழுதுவது மற்றொரு வகை. பழைய பார்ட்ரான் மொழியில் எண்ணும், ஹாலரித் என்பாரின் பெயர் முதலெழுத்தும் முன்னே நிற்க, அவ்வெண்ணளவு எழுத்துக்கள் பின்னே வரும். இம்முறையில் கூற்றினுள் எக்குறி வரினும் கேடில்லை, எண்ணியபடி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எண்ணுவது எதனை என்பதில் எழுதுவோனும் படிப்போனும் உடன்படல் வேண்டும்.

அவ்வுடன்பாடு தமிழர்க்கு மிகவும் வேண்டற்பாலது. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து எத்துணை என்று வினவின், மூன்று என்பது இலக்கணம் கற்ற சிறுவனும் கூறும் விடை. 1991இல் வெளியான முதற் பதிப்பிலேயே தமிழை உட்கொண்ட யூனிகோடு முறையிலோ த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்கள் அதற்கு உள. யூடிஎப்-8 என்னும் வடிவில் சேமிக்கும்பொழுது ஒவ்வொரு குறியெண்ணும் 3 பைட்டுக்களாகி, மொத்தம் 15 ஆகும். மூன்று, ஐந்து, பதினைந்து: மூன்று எண்ணும் மெய்யே. ஒரு சரத்தை எழுத்தெழுத்தாகப் பகுக்க என்று பணித்தால், பல மொழிகள் குறியெண் ஒவ்வொன்றையும் தனியே எடுத்துக் கொடுக்கும். அப்பொழுது ழகரம் ஒருபுறமும் அதன் புள்ளி மற்றொருபுறமுமாகச் சிதறும். புள்ளியிழந்த மெய் உயிர்மெய்யாய் நிற்கும். ஓலைச்சுவடியில் புள்ளியிடாமையால் நேர்ந்த மயக்கமே மின்னணுப் பொறியிலும் வேறு வழியாக நுழைவது காண்க. அன்றியும் 'கொ' என்பதனைக் ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றாக எழுதலாம். எகரக்குறியும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முறைப்படுத்தாவிடின் பொறிக்கு வேறு வேறே. 'கொல்லம்' என்பதைப் பிரியுமிடமாகத் தேடும் நிரல், வேறு வகையில் எழுதப்பட்ட கொல்லத்தைக் காணாது சென்றுவிடும். ஆதலின் தமிழ்ச் சரங்களை முதற்கண் ஒரே முறைக்குக் கொணர்ந்து, பின்னர் யூனிகோடு வகுத்த எழுத்துக்கொத்து எல்லைகளின்படி பகுத்தல் வேண்டும்.

நிற்க. இம்முறைகளுள் சிறந்தது யாது என்று கேட்பார்க்கு யாம் கூறும் விடை இதுவாம்: பகுத்ததை மீளப் புணர்த்தால் முன்னிருந்தது குறைவின்றி வருதல் வேண்டும்; அங்ஙனம் வாராத பகுப்புப் பகுப்பன்று, சிதைவேயாம். நன்னூலார் பகுபதம் கூறிய பதவியலை அடுத்துப் புணர்ச்சி கூறும் இயல்களை வைத்தார். பகுத்தலும் புணர்த்தலும் ஒரு தொழிலின் இரு முகங்கள். பைத்தானில் குறி சொல்லிப் பகுத்த பட்டியலை அக்குறியாலேயே சேர்த்தால் பழைய சரம் அப்படியே மீளும். இடைவெளிகளைத் தொகுத்து வெட்டும் முறையில் மீளாது. எத்துணை இடைவெளி இருந்ததென்பது இழக்கப்பட்டது. ஸ்டர்டோக்கும் வெறுங்கூற்றை இழந்துவிடுகிறது. இழப்பது வேண்டாத செய்தியாயின் குற்றமில்லை. ஆனால் இழக்கிறோம் என்பதை அறிந்தே இழத்தல் வேண்டும்.

இத்தேர்வு இன்றியமையாததாயினும் தனியே போதாது. தேவசகாயத்தின் வரியை ஐந்தாக வெட்டியதும் மீளச் சேர்த்தால் பழைய வரியேயாகும். எனினும் பகுப்புப் பிழையே. ஆதலின் ஒவ்வொரு வரியிலும் கூறுகளை எண்ணிப் பார்த்து, நான்கல்லாத வரியை ஏற்காது விலக்குதல் வேண்டும். அதுவும் போதாத இடம் உண்டு. இரண்டு பட்டம் பெற்ற ஒருவரின் ஊர் விடுபட்டுப்போக, பெயர், பி.ஏ., எல்.டி., 1938 என்று வரி நிற்குமாயின், வெட்டினாலும் நான்கே வரும். எண்ணிக்கை சரியாயிருக்கும், பொருள் தவறாயிருக்கும். ஆகலின் ஆண்டின் இடத்தில் எண் உளதா, ஊரின் இடத்தில் நிற்பது அறிந்த ஊர்ப்பெயர்தானா என்பதையும் ஆராய வேண்டும். இவ்வகைப் பிழைகளில் அஞ்சத்தக்கது யாதெனின், அவை ஆரவாரம் செய்வதில்லை என்பதே. நிரல் நின்றுவிட்டால் நாம் விழித்துக்கொள்வோம். நில்லாது ஓடித் தவறான விடையை அழகிய அட்டவணையாகத் தந்தால், அதனை மெய்யென்று நம்பிவிடுவோம். பதிவேட்டில் ஒரு நிரை நழுவினால் ஒருவர்க்குரிய மடல் வேறோர் ஊருக்குச் செல்லும். ஒரு மாணவியின் மதிப்பெண் மற்றொருத்தியின் பெயரில் ஏறும். பொறியின் பிழை என்று அதனைத் தள்ளிவிட இயலாது. பொறி நாம் வகுத்த எல்லையிலேயே வெட்டிற்று.

இதனால் பெறப்படுவது, பகுக்கும் நெறி படிப்போனால் பின்னர்க் கண்டுபிடிக்கப்படுவதன்று, எழுதுவோனால் முன்னரே வகுக்கப்படுவது என்பதாம். பிரிகுறி என்பது எழுதுவோனும் படிப்போனும் செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தம். கூற்றினுள் அக்குறி வந்தால் என் செய்வது, வெறுங்கூற்றை எங்ஙனம் காட்டுவது, எழுத்தினை எதனால் அளப்பது என்னும் மூன்றுக்கும் விடை எழுதிய பின்னரே முதல் வரியை எழுதத் தொடங்குதல் வேண்டும். ஏட்டுச்சுவடி எழுதிய முன்னோர்க்குப் படிப்போன் அறிவு துணையாயிருந்தது. இடமறிந்து பிரிப்பான் என்று நம்பி விட்டனர். நம் காலத்துப் படிப்போனாகிய பொறிக்கு அவ்வறிவு இன்மையின், அப்பொறுப்பு முழுவதும் எழுதுவோர் மேலதாயிற்று. கணிப்பொறித் துறையிற் புகும் நம் மாணாக்கர், இச்சிறு தொழிலையும் சிறிதென்று இகழாது, தம் கையில் வரும் ஒவ்வொரு வரியும் ஒருவர் தம் பெயரும் வாழ்வும் என்பதை உன்னிச் செய்வாராக.